நடுக்கோட்டில் ஓட்டப் பழகியது

எனக்குப் பயம் என்று சொன்ன மனிதரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அவர் நல்லவர்தான். விமானப்படையில் பல காலம் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பல்கலைக்கழகத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்க வந்தவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். திட்டியிருந்தால் நானும் மனசுக்குள் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவர் திட்டவில்லை. விமானத்தை நிறுத்தி, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நோயாளியிடம் கேட்பதைப் போல மெதுவாக, "பயத?" என்று சிங்களத்தில் கேட்டார். பயமா என்று. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேகாலை மாவட்டத்தில் புளத்கொகுபிட்டியவைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் பிறந்தவள். அம்மா பால் வெட்டுகிறாள். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் உயர்தரத்தில் கணிதப் பிரிவைத் தமிழில் படிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே டவுனில் சிங்களத்தில் படித்தேன். "கணக்குப் படிச்சு என்ன, ராக்கெட் விடப் போறியா?" என்று லயத்தில் கேட்டார்கள். "இல்ல, பிளேன் ஓட்டப் போறேன்" என்றேன். சிரித்தார்கள். அன்றைக்கு நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் அது விளையாட்டாக இல்லாமல் போனது.

பறக்கப் படிக்கக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கொழும்புப் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை, என்னிடம் மட்டும் கேட்கிறார்கள். போட்டிப் பரீட்சை எழுதினேன், உதவித்தொகை கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

அந்தப் பட்டப்படிப்பில் இரண்டு கிளைகள் இருந்தன. ஒன்று விமானி ஆகிறவர்களுக்கு. மற்றது விமான நிலைய நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு. விமானிக் கிளையில் இருப்பவர்கள், குறித்த பருவம் முடிவதற்குள் தனியாகப் பறந்து காட்ட வேண்டும். பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இல்லாமல் எழும்பி, ஓடுபாதையை ஒரு சுற்றுச் சுற்றி, இறங்க வேண்டும். ஆசிரியர் சம்மதித்தால்தான் அதற்கு விடுவார்கள். சம்மதிக்காவிட்டால் நிர்வாகக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். மேசை, கணினி, குளிரூட்டிய அறை, கழுத்தில் ஒரு அட்டை. கௌரவமான வேலைதான். எனக்கு வேண்டாம். மற்றவர்கள் மேலே போவதற்குக் கீழே இருந்து ஏற்பாடு செய்து கொடுக்கிற வேலையை எங்கள் வீட்டில் போதுமான அளவு செய்தாகிவிட்டது.

கொழும்புக்குத் தெற்கே, கடலை ஒட்டிய பழைய விமானத்தளத்தில்தான் எங்களுக்குப் பயிற்சி. இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். வெயில் ஏறினால் உள்ளே அடுப்படி. அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றும் இல்லை. எழும்புவது பிடித்தது. கடலுக்கு மேல் போய்த் திரும்புவது பிடித்தது. காற்றில் விமானம் உதறும்போது, "பார்க்கலாம் வா" என்று அதனோடு மல்லுக்கட்டுவது எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கொழும்புப் பிள்ளைகள் சிலர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு டியூஷனுக்குப் போனவளுக்கு அது என்ன செய்யும்?

சிக்கல் வானத்தில் தொடங்கவில்லை, தரையில் தொடங்கியது. விமானம் தரையில் ஓடும்போது அதைக் கையால் திருப்புவதில்லை. கீழே இரண்டு மிதிகள் இருக்கும், காலால்தான் திருப்ப வேண்டும். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குப் போகிற வழியின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். மூக்குச் சக்கரம் அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிந்த குழந்தைகூடச் செய்துவிடும் என்பார் ஆசிரியர். என்னால் முடியவில்லை. கோட்டில் தொடங்குவேன். கொஞ்ச தூரத்தில் விமானம் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் இடது சக்கரம் புல்லை உரசும்.

"புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் வலப்பக்கம்தான் விலகுவார்கள்" என்றார் ஆசிரியர். விமானியின் இருக்கை இடப்பக்கம் இருப்பதால், தன்னையே நடு என்று நினைத்துக்கொண்டு கோட்டைத் தன் காலுக்கு நேரே கொண்டுவருவார்கள், அதனால் வண்டி வலப்பக்கம் போகும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். "நீ மட்டும்தான் இடப்பக்கம் போகிறாய். இத்தனை வருஷத்தில் உன்னைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை." பெருமைப்படுகிற விஷயமா அது? வேறொரு விமானம் பின்னால் வருகிறது என்று வானொலியில் கேட்டால் நான் இன்னும் ஓரமாகப் போனேன். ஒருமுறை அவரே மிதியை அமுக்கி வண்டியை நடுவுக்கு இழுத்தார்.

பிறகு அது வானத்துக்கும் வந்தது. ஓடுபாதையைச் சுற்றி வந்து, இறங்குவதற்கான கடைசி நேர்கோட்டில் இருந்தேன். முன்னால் ஓடுபாதை காலியாக இருந்தது. நான்தான் முதலாவது என்று கட்டுப்பாட்டுக் கோபுரமும் சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் வானொலியில் ஒரு ஆண் குரல், நல்ல வழவழப்பான ஆங்கிலத்தில், தானும் இறங்க வருவதாகச் சொன்னது. அவர் எங்கேயோ பின்னால் இருந்தார். என் கை முழு வேகத்தைக் கொடுத்துவிட்டது. இறங்காமல் மேலே ஏறிப் போய்விட்டேன்.

"ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார் ஆசிரியர்.

"பின்னால் ஒருவர் வருகிறார் சார்."

"பின்னால் வருகிறவர் பின்னால்தான் வருவார். நீ ஏன் போனாய்?"

அதன் பிறகும் ஒருமுறை அப்படியே செய்தேன். அன்றைக்குத்தான் விமானத்தை நிறுத்திவிட்டு "பயத?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "விடுமுறை முடிந்து வா. இன்னொரு தடவை பார்ப்போம். அதிலும் இப்படியே என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

எங்கள் வகுப்பில் கொழும்புத் தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அந்த மாதமே தனியாகப் பறந்துவிட்டான். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தான். "உங்களுக்கு மெனேஜ்மென்ட் நல்லா வரும். நீங்க கணக்குல கெட்டிதானே. எல்லாரும் ஓட்டித்தான் ஆகணும் என்டு இல்லையே" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். தேநீரைக் குடித்துவிட்டு, "நிர்வாகம் அவ்வளவு நல்லதுன்னா நீங்க போங்க முதல்ல" என்றேன். அதன் பிறகு அவன் எனக்குத் தேநீர் வாங்கித் தரவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். வரக்காப்பொலவில் பஸ் நின்றபோது அம்மாவுக்குத் தலகுலி வாங்கினேன். எள்ளும் தேங்காயும் இடித்து உருட்டிய அந்த இனிப்பை அவள் ஒரே நாளில் தீர்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததாகப் பொய் சொல்வாள். சந்தியில் அம்மா காத்துக்கொண்டு நின்றாள். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறினோம்.

"ஓட்டுறியா?" என்று கேட்டாள்.

"ஓட்டுறேன்மா. இன்னும் தனியா விடல. விடலேன்னா வேற படிப்புக்கு மாத்திருவாங்க."

"ஏன் விடலயாம்?"

"எனக்குப் பயமாம்."

அம்மா நின்று என்னைப் பார்த்தாள். "ஒனக்கா? ஒன்னக் கண்டா எனக்கே பயம்" என்று சொல்லிச் சிரித்தாள். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வருவாள் என்று நினைத்தேன். அதற்குள் கீழே ஜீப்பின் சத்தம் கேட்டது.

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, நான் கானுக்குள் நிற்கிறேன். பாதையோரம் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய கான். கணுக்கால் வரைக்கும் தண்ணீர், அழுகின ரப்பர் இலை. பக்கத்தில் அம்மா, குடையை மடக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்து உதவி மேலாளரான சின்னதுரையின் ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. அவர் ஃபோனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கால் இறங்கியிருந்தது. குனிந்து அந்தக் காலைப் பார்த்தேன். எங்கள் பாதையில் மேலே ஏறும்போது வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மலையை ஒட்டிய கான். நடக்கத் தெரிந்த நாள் முதல், வண்டிச் சத்தம் கேட்டால் இடப்பக்கம் இறங்கியிருக்கிறேன். துரையின் வண்டிக்கும் அவருடைய விருந்தாளிகளின் வண்டிக்கும் இறங்கியிருக்கிறேன். தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களின் வண்டிக்கும் இறங்கியிருக்கிறேன். இறங்கு என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். விமானத்தின் மிதிகளில் இருந்ததும் இந்தக் கால்கள்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தில் கோடு வரைந்து காட்டிய பாவப்பட்ட மனிதரை நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. தோட்டத்தை விட்டுப் போய்விட்டேன் என்று நினைத்திருந்தேன். அது என் முழங்காலுக்குக் கீழே கூடவே வந்து, வானத்தில்கூட எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏம்மா நாம எறங்குறோம்?" என்றேன்.

"எங்க?"

"கானுக்குள்ள."

"ஜீப்பு வருதுல்ல."

"ஜீப்பு போறதுக்கும் எடம் இருக்கு, நாம நிக்கிறதுக்கும் எடம் இருக்கு. பாருங்க நீங்களே."

"அது தொரமாரு பாதை புள்ள."

"இந்தப் பாதைய வெட்டுனது யாரு?"

"வெட்டுனவன் செத்துட்டான். நீ பையத் தூக்கு" என்றாள் அம்மா.

அடுத்த நாளே பழகத் தொடங்கினேன். ஆமாம், பழகினேன். மற்றவர்கள் விடுமுறையில் புத்தகத்தைப் புரட்டிப் படித்தார்கள். நான் தோட்டத்துப் பாதையில் நடந்து படித்தேன். பாதையின் நடுவில் போய் நின்று வழிமறிக்கவில்லை. தார் இருக்கிற பக்கமாக, கானுக்குள் இறங்காமல் நடந்தேன், அவ்வளவுதான். ஜீப் சத்தம் கேட்டதும் கால் இடப்பக்கம் இழுக்கும். அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் புரியாது. முதல் நாள் கால் முழுதாக இறங்கிவிட்டது. இரண்டாவது தடவை கால் பாதி இறங்கி, வெட்கப்பட்டுத் திரும்பி ஏறியது. லயத்துப் பெண்கள் பார்த்துவிட்டு, "கொழும்புக்குப் போயி காது அடைச்சிருச்சு போல" என்று சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒருநாள் ஜீப் என் பின்னால் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தது. நான் தார் மேலேயே நின்று திரும்பிப் பார்த்தேன். சின்னதுரை கண்ணாடியை இறக்கினார். என்னைவிடச் சில வயதுதான் கூட இருக்கும்.

"நங்கி, ஹோர்ன் கேட்கவில்லையா?" என்று தங்கையைக் கூப்பிடுவது போலச் சிங்களத்தில் கேட்டார்.

"கேட்டது" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

"பிறகு?"

"இடம் இருக்கிறது. போங்கள்."

அவர் பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடம் இருந்தது என்பது அவருக்கும் தெரியும். ஜீப்பை மெதுவாக நகர்த்தி, என்னைத் தொடாமல் போனார். என் இடது கால் இழுத்தது. ஆனால் இறங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூன்று பேர் சாப்பிடுகிற சோற்றை நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், அம்மாவின் மலையை மாற்றிவிட்டார்கள். லயத்துக்குப் பக்கத்தில் இளம் மரங்கள் இருந்த மலையில் வெட்டிக்கொண்டிருந்தவளை, உச்சியில் கிழட்டு மரங்கள் நிற்கிற மேல் மலைக்குப் போகச் சொன்னார்கள். வழுக்குப் பாறை, அட்டைக்கடி, பால் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டிய சரிவு. காரணம் யாரும் சொல்லவில்லை. காரணம் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அம்மா மத்தியானம் வந்து வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ போயிருவ. பெரட்டுல நிக்கிறது நான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் பாதி, அவள் காலைப் பார்த்ததில் பாதி. "சரிம்மா, இனிமே எறங்கிக்கிறேன்" என்றேன்.

அம்மா உப்புக் கையைச் சேலையில் துடைத்தாள். "இனிமே எறங்குனா எம் மலையத் திருப்பிக் குடுத்துருவானா?"

"குடுக்க மாட்டான்."

"அப்ப எதுக்கு எறங்கணும்? மலையும் போயி, ஒங் காலும் கானுக்குள்ள கெடக்கணுமா?" "இங்க பாரு. நான் மேல் மலைக்கு ஏறிக்கிறேன். அதெல்லாம் வெட்டுவேன். ஆனா அங்க போயி தனியா ஓட்டாம மேச வேலைக்கு வந்து நின்ன, கொன்னுப்போடுவேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. தார் மேல் நடந்ததற்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அம்மாவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த விடுமுறை முழுக்கத் தார் மேலேயே நடந்தேன். அம்மா மட்டும் என்னோடு வரும்போது பழக்கத்தில் இறங்கிவிடுவாள். நான் மேலே நிற்பேன், அவள் கீழே நிற்பாள். ஜீப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள்.

திரும்பிப் போன முதல் வாரத்திலேயே ஆசிரியர் என்னைப் பரீட்சைக்கு அழைத்தார். காலை நேரம், கடல் பக்கமிருந்து லேசான காற்று. நிறுத்துமிடத்திலிருந்து விமானத்தை எடுத்தேன். மஞ்சள் கோடு வந்தது. இடது கால் இழுத்தது. வலது காலை அமுக்கினேன். மறுபடி இழுத்தது, மறுபடி அமுக்கினேன். மேல் மலையின் வழுக்குப் பாறையை நினைத்துக்கொண்டேன். ஓடுபாதை வரைக்கும் மூக்குச் சக்கரம் கோட்டை விட்டு விலகவில்லை. ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

இரண்டு சுற்று நன்றாக இறங்கி எழும்பினேன். மூன்றாவது சுற்றில் கடலுக்கு மேல் கடைசித் திருப்பத்துக்குத் தயாரானபோது, வானொலியில் ஒரு குரல் வந்தது. பயணிகளை ஏற்றிக்கொண்டு வருகிற, எங்களைவிடப் பெரிய, வேகமான வாடகை விமானம் ஒன்று நேராக வந்து இறங்கக் கேட்டது. நல்ல வழவழப்பான ஆங்கிலம். முன்னால் பயிற்சி விமானம் ஒன்று இருப்பதாகக் கோபுரம் அவருக்குச் சொன்னது. அந்தப் பயிற்சி விமானம் கொஞ்சம் விலகிக்கொள்ள முடியாதா என்று அவர் கேட்டார். கோபுரம் என்னிடம் கேட்டது. அங்கேயே ஒரு வட்டம் அடித்துக் காத்திருக்க முடியுமா என்று. உத்தரவு இல்லை, கேள்விதான்.

ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். அவர் எனக்காகப் பதில் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது. என் கால்கள் இரண்டும் மிதிகளின் மேல் இருந்தன. இடது கால் இழுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தடவை அது இழுப்பது எனக்குத் தெரிந்தது. அவர் அவசரம் என்று சொல்லவில்லை. நோயாளி இருக்கிறார், எண்ணெய் குறைவு என்று ஏதாவது சொல்லியிருந்தால் அந்த நொடியே வழி விட்டிருப்பேன். நான் அவரைவிடத் தாழ்வாக, ஓடுபாதைக்குப் பக்கத்தில், மெதுவாகப் போகிற விமானத்தில் இருந்தேன். அந்த உயரத்தில் வட்டம் அடிப்பது எனக்கும் நல்லதில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருகிற அவருக்கும் நல்லதில்லை. சட்டம் என் பக்கம் இருந்தது. இடமும் இருந்தது.

"நெகட்டிவ்" என்றேன். முடியாது என்று. "நான் நம்பர் ஒன். இறங்குகிறேன்."

கோபுரம் எனக்கு இறங்க அனுமதி கொடுத்தது. வாடகை விமானத்தை இரண்டாவதாக என் பின்னால் வரச் சொன்னது. அந்த வழவழப்பான குரல் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றது. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. யாரும் மலையை மாற்றவில்லை. நான் இறங்கினேன், ஓடுபாதையை விட்டு விலகினேன். என் பின்னால் அவர் தன் பயணிகளோடு பத்திரமாக இறங்கினார்.

"ஏன் விடவில்லை?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நான் முன்னால் இருந்தேன் சார்."

அவர் தாடையைத் தடவினார். "அப்படியானால் இப்போது பயம் போய்விட்டது."

"முன்னாலும் பயம் இருக்கவில்லை சார்."

"பிறகு என்னதான் இருந்தது?"

நான் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார். அவருடைய பரிதாபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? "ஒரு பழக்கம் சார். விட்டுவிட்டேன்" என்றேன். விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தன் பட்டியை அவிழ்த்தார், கதவைத் திறந்தார். அந்தப் பெரிய உடம்பு கஷ்டப்பட்டுக் கீழே இறங்கியது. "ஒரு சுற்று. போய் வா" என்று கத்திவிட்டு, கதவைச் சாத்தி, புல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

தனியாகப் போவதைப் பற்றி எல்லோரும் அழகாக ஏதேதோ சொல்வார்கள். எனக்கு நினைவிருப்பது பக்கத்து இருக்கைதான். அதில் யாரும் இல்லை. கேள்வி கேட்கவும் ஆளில்லை, என் மிதியை அமுக்கவும் ஆளில்லை. அவர் பாரம் இல்லாததால் விமானம் வழக்கத்தைவிட வேகமாக ஏறியது. சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. லயத்தில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை நடக்கும்போது கேட்கிற வார்த்தைகள் அவை. யாரைத் திட்டினேன் என்றுகூடத் தெரியாது. கடலுக்கு மேல் திரும்பும்போது அழுதேன், ஓடுபாதை தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் துள்ளித்தான் இறங்கினேன். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

முதல்முறை தனியாகப் பறந்து வருகிறவர்கள் மேல் வாளித் தண்ணீரை ஊற்றுவது அங்கே வழக்கம். கொழும்புப் பையன்தான் முதல் வாளியை ஊற்றினான். பழைய தேநீர்க் கணக்கையும் சேர்த்து ஊற்றினான் என்று நினைக்கிறேன். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தேன். மேல் மலையில் ஒரே ஒரு வசதி, சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அம்மா பால் சேர்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வாளிகளோடு தெரிந்தார்கள்.

"என்னடி இப்பிடி நனஞ்சிருக்க? அங்கயும் மழையா?"

"தண்ணி ஊத்துனாங்கம்மா. தனியா ஓட்டுனா ஊத்துவாங்க."

"தனியாவா? அப்ப அந்த சாரு?"

"அவரு எறங்கிட்டாரு."

"எறங்கி எங்க போனாரு?"

"எங்கயும் போகல. ஓரமா புல்லுல நின்னாரு."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"எங்க, இன்னொருக்கா சொல்லு."

"ஓரமா நின்னாரும்மா. நான் போற வரைக்கும் நின்னாரு."

அம்மா ஃபோனை அப்படியே பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். மலை முழுக்கக் கேட்கிற குரலில் அந்தப் பெண்களிடம் சொன்னாள்.

"கேட்டீங்களாடி? எம் புள்ள போற வரைக்கும் அவரு ஓரமா நின்னாராம்."